மாத்திரையும் மண்வெட்டியும்: பர்மா போர்முனையில் சிப்பாயின் அன்றாடம் (1942–45)

1. கேள்வி

1943-இல் இந்திய-பர்மிய எல்லையில் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொரு சிப்பாய்க்கும் நோய்ப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மட்டும் ஆண்டுக்கு மொத்தப் படைபலத்தில் 84 விழுக்காடு என்ற வீதத்தில் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் பதினான்காவது ராணுவத்தின் தலைமையை ஏற்ற வில்லியம் ஸ்லிம், 1956-இல் வெளியிட்ட ‘டிஃபீட் இன்டு விக்டரி’ என்ற நூலில் இந்த எண்களைத் தருகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1945-இல், அதே படையில் நோய்ப்பட்டு விலகுவோர் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தனர். காடும் மழையும் கொசுவும் அப்படியேதான் இருந்தன.

காட்டுப்போர் என்றதும் நம் மனத்தில் எழுவது பதுங்கலும் பாய்ச்சலும்தான். ஆனால் போர்முனையில் கழிந்த ஒரு நாளை மணிவாரியாகப் பிரித்தால் சண்டைக்குக் கிடைக்கும் பங்கு சிறியது. குழி தோண்டுவதும் தண்ணீர் கொண்டுவருவதும் சோறு பொங்குவதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் இருட்டில் விழித்திருப்பதும்தான் மீதிப் பொழுதை எடுத்துக்கொண்டன. இந்த அன்றாடத்துக்கும் போரின் முடிவுக்கும் என்ன உறவு? அது வீரத்துக்குப் பின்திரை மட்டும்தானா, அல்லது போரைத் தீர்மானித்ததே அதுவா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியைத்தான் ஆராய்கிறது.

2. இதுவரையான விளக்கங்கள்

1942 மார்ச் 8-இல் ரங்கூன் வீழ்ந்தது. மே மாதத்துக்குள் பிரிட்டிஷ் படைகள் மணிப்பூர் எல்லை வரை பின்வாங்கின. இந்தத் தோல்விக்கு அன்று பரவலாகச் சொல்லப்பட்ட காரணம் இனம் சார்ந்தது: ஜப்பானியர் காட்டுக்கென்றே பிறந்தவர்கள், ஒரு பிடி சோற்றில் வாரக்கணக்கில் நடப்பவர்கள் என்பது. படையின் நம்பிக்கையையே குலைத்த கதை இது. பெரும்பாலான ஜப்பானியச் சிப்பாய்கள் உழவர் வீடுகளிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்தவர்கள். வெப்பமண்டலக் காட்டை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை என்பதை அந்தக் கதை மறைத்தது.

இரண்டாவது விளக்கம் பயிற்சியை முன்வைக்கிறது. டேனியல் மார்ஸ்டனின் ‘ஃபீனிக்ஸ் ஃப்ரம் தி ஆஷஸ்’ (2003), டிம் மோர்மன் காட்டுப்போர் பற்றி எழுதிய நூல் (2005) ஆகியவை இந்திய ராணுவம் தன் தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்ட முறையை விரிவாகக் காட்டுகின்றன. 1943-இல் ‘தி ஜங்கிள் புக்’ என்ற பயிற்சிக் கையேடு பரவலாக வழங்கப்பட்டது. சிந்த்வாராவிலும் சகாரன்பூரிலும் இரண்டு டிவிஷன்கள் காட்டுப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டன. காக்கிச் சீருடை பச்சையானது.

மூன்றாவது விளக்கம் மருத்துவம் சார்ந்தது. மார்க் ஹாரிசனின் ‘மெடிசின் அண்ட் விக்டரி’ (2004) நோய்த்தடுப்பை மருத்துவர்களின் துறையாகப் பார்க்காமல் படைத்தலைமையின் கடமையாகப் பார்த்ததே திருப்புமுனை என்று வாதிடுகிறது.

இனவாதக் கதையை ஆதாரங்கள் எளிதில் தள்ளிவிடுகின்றன. பயிற்சியும் மருத்துவமும் முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும்போது, அவை சந்திக்கும் இடமான சிப்பாயின் ஒரு நாள் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. கையேட்டில் எழுதியது நடந்ததா, கிடங்கில் இருந்த மருந்து வயிற்றுக்குள் போனதா என்பவை அங்கேதான் முடிவாயின.

3. ஒரு நாளின் நடைமுறை

நாள் விடியுமுன்பே தொடங்கியது. தாக்குதல் பெரும்பாலும் கருக்கலில் வரும் என்பதால் வெளிச்சம் வரும்வரை அனைவரும் ஆயுதத்தோடு குழிக்குள் நிற்க வேண்டும். ‘ஸ்டாண்ட்-டு’ என்று பெயர்பெற்ற இந்த நிற்றல் மாலையிலும் உண்டு. அதன்பிறகே தேநீர். எந்த விறகை எரிப்பது என்பதும் ஒரு போர் முடிவாகவே இருந்தது. ஈர விறகின் புகை எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கணு பிளக்காத மூங்கிலை அடுப்பில் வைத்தால் உள்ளே அடைபட்ட காற்று சூடேறி, துப்பாக்கி சுட்டதைப் போன்ற ஓசையோடு வெடிக்கும். எனவே உலர்ந்த மூங்கிலைப் பிளந்து, சிறு தீயில் வேகமாகச் சமைத்து, உடனே அணைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சமையலே எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு டின் இறைச்சியும் பிஸ்கட்டும், பஞ்சாபிக்கு ஆட்டா, தென்னிந்தியருக்கு அரிசி. பருப்பும் நெய்யும் இந்தியப் பிரிவுகளுக்குப் பொது. இறைச்சியில் இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று விதிகள் பிரிந்தன. விமானத்திலிருந்து போடும் மூட்டை எந்தப் பிரிவுக்கு எது என்று அடையாளமிடப்பட்டுச் சரியான இடத்தில் விழ வேண்டும். தவறினால், உணவு கையில் இருந்தும் உண்ண முடியாத நிலை. ரேஷன் பிரிக்கும் ஹவில்தாரின் கணக்குப் புத்தகம் பட்டாலியனின் மன உறுதியோடு நேரடித் தொடர்புடையதாக இருந்தது.

பகலில் ரோந்து அல்லது நடை. அடர்ந்த மூங்கில் புதரில் முன்னே செல்பவர் வெட்டி வழிசெய்ய, ஒற்றை வரிசையில் மற்றவர்கள் நகர்ந்தனர். முதுகில் 30 கிலோவுக்கு மேற்பட்ட சுமை. கோவேறு கழுதை 70 கிலோ அளவுக்குச் சுமந்தது. சேணம் உரசிப் புண்ணானால் அந்தச் சுமை மனிதர்களின் தோளுக்கு வரும் என்பதால், நாள் முடிவில் கழுதையின் முதுகைத் தடவிப் பார்ப்பது தன் காலைப் பார்ப்பதற்கு முந்திய வேலை. கழுதையின் கனைப்பு இருப்பிடத்தைக் காட்டிவிடும் என்பதால், 1944-இல் எதிரியின் பின்புறத்துக்குச் சென்ற சிந்தித் படைகளின் கழுதைகளுக்கு அறுவை செய்து குரல் நீக்கப்பட்டிருந்தது.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தால் புண், புண்ணைக் கவனிக்காவிட்டால் ஆழமான சீழ்ப்புண். நீரைக் குளோரின் மாத்திரை போட்டுக் குடிக்காவிட்டால் சீதபேதி. ஈரப் புல்லில் படுத்தால் ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். அதற்கு அன்று மருந்தே இல்லை. பூச்சிவிரட்டி தோய்த்த உடையும் நல்ல செவிலியர் கவனிப்பும் மட்டுமே துணை. சிந்த்வின் ஆற்றுக்கு மேற்கேயுள்ள கபா பள்ளத்தாக்கு இந்தக் காய்ச்சலாலும் மலேரியாவாலும் கெட்ட பெயர் எடுத்தது.

மாலையில் எவ்வளவு களைத்திருந்தாலும் முதல் வேலை மண்வெட்டி. இருவர் நிற்கும் அளவுக்குப் பதுங்குகுழி, சற்றுத் தள்ளிக் கழிப்பிடக் குழி. இரண்டாவதைத் தோண்டாமல் விட்ட முகாமில் ஒரு வாரத்துக்குள் ஈயும் பேதியும் வந்துசேர்ந்தன. இருட்டும் முன் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும். அரைக்கால் சட்டைக்கு அனுமதியில்லை.

இரவின் சோதனை வேறு. ஜப்பானியச் சிறு குழுக்கள் நெருங்கிவந்து ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் கூவும், பட்டாசு வெடிக்கும். பதற்றத்தில் யாராவது சுட்டால், துப்பாக்கி வாயின் ஒளி இயந்திரத் துப்பாக்கி இருக்குமிடத்தைச் சொல்லிவிடும். 1942-இல் இரவெல்லாம் சுட்டுத் தீர்த்த படைகள், 1944-இல் சுடாமல் இருக்கக் கற்றுக்கொண்டன. நிழல் மிக அருகே வந்தால் கையெறிகுண்டு, இல்லையேல் மௌனம். ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்கும் முறை சரியாக நடந்தால்தான் இந்த மௌனம் சாத்தியம். தூக்கமும் ஒரு ரேஷன்தான்.

மே மாத நடுவிலிருந்து மழை. குழிகள் நிரம்பின, பூட்ஸ் தோல் அழுகியது, காகிதம் கூழானது. 1944-இல் மழைக்காலத்திலும் போரை நிறுத்துவதில்லை என்று ஸ்லிம் எடுத்த முடிவைத் தாங்கிநின்றவை மேலே சொன்ன சிறு பழக்கங்கள்தாம்.

4. மாத்திரை

மலேரியாவுக்கு மருந்தான கொயினாவின் உலக விளைச்சலில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஜாவாவிலிருந்து வந்தது. 1942-இல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனது. நேச நாடுகள், ஜெர்மானிய ஆய்வகத்தில் 1930-களின் தொடக்கத்தில் உருவான மெபாக்ரின் என்ற செயற்கை மருந்தைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கின. மருந்து வந்துவிட்டது; விழுங்க ஆளில்லை. கசப்பு ஒருபுறம், தோல் மஞ்சளாவது மறுபுறம். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவியது.

ஸ்லிம் இதை மருத்துவரிடம் விடவில்லை. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு பட்டாலியனில் அனைவரையும் சோதிக்கச் செய்தார். மருந்து உடலில் இருந்தவர்கள் 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் கட்டளை அதிகாரி பதவியிழந்தார். மூன்று பேரை நீக்க வேண்டியிருந்தது. அதற்குள் மற்றவர்களுக்குச் செய்தி புரிந்துவிட்டது என்கிறார். மாலை வரிசையில் அதிகாரியின் கண்முன்னே மாத்திரை வாய்க்குள் போய், தொண்டையில் இறங்கியதை அவர் உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

கூடவே சிகிச்சையின் இடமும் மாறியது. அதற்குமுன் காய்ச்சல் கண்டவர் நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள இந்திய மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப ஐந்து மாதங்கள் ஆயின. போர்முனைக்குச் சில மைல் பின்னால் முன்னணி மலேரியாச் சிகிச்சை நிலையங்கள் அமைந்தபின், மூன்று வாரங்களில் தன் பிரிவுக்கு மீண்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது பொறுப்பின் இடப்பெயர்ச்சி. நோய் சிப்பாயின் துரதிர்ஷ்டமாக இருந்த நிலை மாறி, அதிகாரியின் குற்றமாயிற்று. முன்னணிப் பிரிவு அரை ரேஷனுக்கு வந்தால் தன் தலைமையகத்தையும் அரை ரேஷனுக்குக் கொண்டுவந்ததாக ஸ்லிம் எழுதுகிறார். இதில் நாடகம் இருக்கலாம். ஆனால் பசியைத் தீர்க்க வேண்டியவர்களுக்கும் பசிக்கச் செய்ததால் வண்டிகள் வேகமாகப் புறப்பட்டன.

5. ஒரே காடு, நான்கு படைகள்

அன்றாடமே தீர்மானித்தது என்ற வாதத்தைச் சோதிக்க பர்மா போர்முனை அரிய வாய்ப்பைத் தருகிறது. 1944-இல் ஏறத்தாழ ஒரே நிலப்பரப்பில், ஒரே பருவத்தில், நான்கு வகைப் படைகள் இருந்தன.

முதலாவது, பதினான்காவது ராணுவத்தின் வழக்கமான டிவிஷன்கள். இம்பால் ஜப்பானியரால் சுமார் மூன்று மாதங்கள் சூழப்பட்டபோது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை விமானங்கள் ஊட்டின. சண்டையிடாத பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள், ரேஷன் குறைக்கப்பட்டது, ஆனால் நிற்கவில்லை. பராசூட்டுக்குப் பட்டுத் துணி போதாமல் போனபோது கல்கத்தா ஆலைகளில் சணல் பராசூட் செய்யவைத்தார்கள்.

இரண்டாவது, அதே ராணுவத்தின் சிந்தித் படைகள். ஆர்டு விங்கேட் தலைமையில் 1943-இல் எதிரியின் பின்புறத்துக்குச் சென்ற 3,000 பேரில் 2,182 பேர் திரும்பினர். அவர்களில் சுமார் 600 பேர் மீண்டும் போரிடும் நிலையில் இல்லை. நடக்க முடியாத நோயாளிகளும் காயம்பட்டவர்களும் வழியில் விடப்பட்டனர். 1944-இல் சிறு விமானங்கள் காயம்பட்டோரை எடுத்துச் சென்றதால் அந்தக் கொடுமை பெரிதும் குறைந்தது. ஆனால் உணவு அமெரிக்க ‘கே’ ரேஷன்: நாளுக்கு மூன்று பெட்டிகள், ஏறத்தாழ 2,800 கலோரி. பராசூட்டில் குதிக்கும் வீரர்கள் சில நாள்கள் சமாளிப்பதற்காக வகுத்த அந்த உணவில் மாதக்கணக்கில் மலையேறினார்கள். மெபாக்ரின் அவர்களிடமும் இருந்தது. அதைத் தவறாமல் விழுங்கவைக்கும் கண்டிப்பு எல்லாப் பிரிவுகளிலும் ஒரே மாதிரி இல்லை. மூன்று மாதங்களில் திரும்ப வேண்டிய திட்டம் சிலருக்கு ஐந்து மாதங்கள்வரை நீண்டது. 111-ஆவது பிரிகேடை வழிநடத்திய ஜான் மாஸ்டர்ஸ், இறுதியில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் சுமார் 2,200 பேரில் 118 பேர் மட்டுமே தகுதியானவர்களாகத் தேறினர் என்று எழுதுகிறார்.

மூன்றாவது, ஜப்பானியப் பதினைந்தாவது ராணுவம். அதன் தளபதி முத்தாகுச்சி ரென்யா 1944 மார்ச்சில் மூன்று டிவிஷன்களை ஏறத்தாழ இருபது நாள் உணவோடு அனுப்பினார். ஓட்டிச்சென்ற மாடுகள் சுமக்கும், பிறகு இறைச்சியாகும். மீதியை ஆங்கிலேயரின் கிடங்குகளில் பறித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். 1942-இல் பலித்த கணக்கு அது. மாடுகளில் பல சிந்த்வினைக் கடக்கும்போதே மூழ்கின. மற்றவை மலையில் சரிந்தன. இம்பாலின் கிடங்குகள் கைக்கு வரவில்லை. கொஹிமாவை முற்றுகையிட்ட டிவிஷனின் தளபதி சாத்தோ கோத்தோகு, உணவோ குண்டுகளோ வந்துசேரவில்லை என்று கடுமையான தந்திகள் அனுப்பிவிட்டு, மே இறுதியில் உத்தரவை மீறிப் பின்வாங்கினார். மூன்று டிவிஷன் தளபதிகளும் பதவி இழந்தனர். சுமார் 85,000 பேரில் 53,000-க்கு மேற்பட்டோர் இழப்புக் கணக்கில் சேர்ந்தனர். இறந்தவர் 30,000-க்கும் அதிகம். பெரும்பகுதியைக் கொன்றவை பசியும் நோயும். உலகின் கொயினாத் தோட்டங்களை வைத்திருந்த அரசின் சிப்பாய்கள் மலேரியாவில் மாண்டார்கள். ஜாவாவில் இருந்த மருந்து மழையில் கரைந்த மலைப்பாதையைத் தாண்டி அவர்களை எட்டவில்லை.

நான்காவது, இந்திய தேசிய ராணுவம். இம்பால் முனைக்குச் சென்ற அதன் முதல் டிவிஷனில் பெரும்பாலோர் முன்னாள் பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். எதிர்த்தரப்பில் நின்றவர்களோடு ஒரே ஊர், ஒரே பயிற்சி மைதானம். சின் மலையின் ஹாக்கா, ஃபலாம் பகுதியிலும் பலேல் அருகிலும் அவர்கள் ஜப்பானிய வழங்கலை நம்பியிருந்தார்கள். போதிய மருந்தோ போர்வையோ இல்லை. அரிசியோடு காட்டுக் கீரையை வேகவைத்து உண்ட நாள்களை அப்படையின் அதிகாரி ஷா நவாஸ் கான் 1946-இல் வெளியான தன் நினைவு நூலில் பதிவுசெய்துள்ளார்.

இந்த நான்கையும் அருகருகே வைத்தால் முடிவு தெளிவாகிறது. ஒரே இன, ஒரே பயிற்சிச் சிப்பாய்கள் ஒரு பக்கத்தில் உண்டு உறங்கிப் போரிட்டார்கள்; மறுபக்கத்தில் பட்டினியால் விழுந்தார்கள். ஒரே ராணுவத்தின் இரு பகுதிகளில் ஒன்று எழுந்தது, ஒன்று உருக்குலைந்தது. இன இயல்பும் துணிச்சலும் இந்த வேறுபாட்டை விளக்கா. சிந்தித்களிடமும் கொஹிமா ஜப்பானியரிடமும் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. நாளாந்த உணவும் மருந்தும் ஓய்வும் யாருடைய பொறுப்பு என்பதில்தான் படைகள் பிரிந்தன.

6. எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு: வென்றது டகோட்டா சரக்கு விமானமே, மண்வெட்டியும் மாத்திரையும் அல்ல. வான்வழி வழங்கல் இல்லாமல் இம்பால் நின்றிருக்காது என்பது உண்மை. ஆனால் சிந்தித் படைகளுக்கும் விமானம் வந்தது. வான்வழி வழங்கல் தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அல்ல.

இரண்டாவது மறுப்பு வலுவானது: இக்கட்டுரை சார்ந்திருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி வென்ற அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகள். ஒழுங்கை நிலைநாட்டியவர் ஒழுங்கே வென்றது என்று எழுதுவது இயல்பு. இந்தியச் சிப்பாயின் குரல் பெரும்பாலும் தபால் தணிக்கையாளர் தொகுத்த அறிக்கைகளின் வழியாகவே எட்டுகிறது. பிறர் கையால் எழுதி, அதிகாரிக்குத் தெரியும் என்ற அச்சத்தோடு அனுப்பிய கடிதங்கள் அவை. இருந்தும் அவற்றில் திரும்பத்திரும்ப வருவது போர்முனையைவிட வீட்டுக் கவலை: விலைவாசி, தானியத் தட்டுப்பாடு, விடுப்பு. 1943 வங்காளப் பஞ்சத்தின் நிழலில் இதற்கு விளக்கம் தேவையில்லை. படை வாழ்வைப் பற்றி இந்திவர் காம்தேகர் 2002-இல் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது: எடை குறைந்த நிலையில் சேர்ந்த பலர் ராணுவச் சாப்பாட்டில் சில மாதங்களிலேயே எடை கூடினார்கள். வீட்டில் கிடைக்காத இருவேளைச் சோறு படையில் கிடைத்தது என்றால், அந்த ஒழுங்கை மேலிருந்து திணித்த கட்டுப்பாடாக மட்டும் பார்க்க முடியாது. ஏழைச் சிப்பாய் விரும்பி ஏற்றுக்கொண்ட பேரமாகவும் பார்க்க வேண்டும். பேரத்தில் சமத்துவம் இல்லை. சம்பளத்திலும் உணவுப் பட்டியலிலும் பிரிட்டிஷாருக்கும் இந்தியருக்கும் இடையே வேறுபாடு போர் முழுவதும் நீடித்தது.

தமிழ்ச் சிப்பாயின் இடம் இதில் தனியே நோக்கத்தக்கது. சில இனத்தாரே போருக்குத் தகுந்தவர்கள் என்ற ‘போர்க்குடி’க் கோட்பாட்டின் பெயரால் தென்னிந்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காலாட்படையிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். போர் நெருக்கடி அந்தக் கதவைத் திறந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. எனினும் பர்மாவில் மெட்ராஸ் மாகாணத்தார் பெரும் எண்ணிக்கையில் செய்தது பாதை வெட்டுவதும் பாலம் போடுவதும் சரக்கு இறக்குவதும். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் முன்னோடித் தொழிலாளர் பிரிவுகளும் இதற்குச் சான்று. போரைத் தீர்மானித்தது அன்றாட வேலையே என்ற வாதம் சரியென்றால், பதக்கப் பட்டியலில் அரிதாகவே இடம்பெறும் இவர்களின் உழைப்பைப் போரின் மையத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது மறுப்பு காட்டைப் பற்றியது. வெளியிலிருந்து வந்த சிப்பாய்க்கு அது காடு; நாகர், குக்கி, சின் மக்களுக்கு அது ஜூம் விளைநிலமும் ஊரும். அவர்கள் இல்லாமல் பிரிட்டிஷ் படையின் அன்றாடம் நடந்திருக்காது. சுமை தூக்கினார்கள், காயம்பட்டவர்களைச் செங்குத்துச் சரிவில் இறக்கினார்கள், எதிரியின் நடமாட்டத்தைச் சொன்னார்கள். உணவின்றித் தவித்த ஜப்பானியர் அவர்களின் நெல்லையும் பன்றியையும் எடுத்துக்கொண்டது அந்த உறவை மேலும் ஒருபக்கமாகச் சாய்த்தது. படைக்கு வழங்கல் தவறினால் அதன் சுமை ஊரின் நெற்குதிரில் விழுகிறது என்பதைக் கொஹிமாச் சுற்றுப்புறம் காட்டியது.

7. முடிவுரை

பர்மா போர்முனைச் சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, காட்டில் படைகளைக் கரைத்தவை பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோயும் பசியும். இரண்டு, தடுப்பதற்கான பொருள் இருப்பது மட்டும் போதாது. அது ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு சிப்பாயையும் சென்றடைகிறதா என்பதற்கு அதிகாரி பதவியைப் பணயம் வைத்துப் பதில்சொல்லும் ஏற்பாடு தேவைப்பட்டது. மூன்று, சிப்பாயின் பொறுமையை வற்றாத இருப்பாக எண்ணித் திட்டமிட்ட தலைமை, அது ஜப்பானியத் தலைமையாயினும் சிந்தித் படைகளை ஐந்து மாதம் நிறுத்திவைத்த நேச நாட்டுத் தலைமையாயினும், தன் படையைத் தானே அழித்தது.

தமிழில் இப்போரின் நினைவு பெரும்பாலும் இந்திய தேசிய ராணுவத்தின் அரசியல் தியாகத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. அந்தத் தியாகத்தை மதிப்பதென்றால், பலேலிலும் சின் மலையிலும் அவர்களுக்கு அரிசியும் கொயினாவும் அனுப்பத் தவறியவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். வீரம் என்ற ஒற்றைச் சொல்லால் அந்தக் கேள்வியை மூடிவிடும் வரலாறு, சிப்பாயின் பக்கம் நிற்பதாகத் தோன்றினாலும் உண்மையில் அவரைப் பட்டினி போட்டவர்களின் பக்கமே நிற்கிறது.